யானைக்குட்டி செய்த தப்பு

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அதற்குள்ளேயே ஒரு தொடக்கப்பள்ளி. இரண்டையும் நடத்தியவர் தவமணி அம்மாள். அவருடைய சீடர் சங்கரலிங்கம், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். குருவுக்கு வயது குறைவு, சீடருக்குத் தலை நரைத்துவிட்டது என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே! கற்றுக்கொள்ள வந்தவருக்கு வெட்கம் என்ன?

பள்ளி நூலகம் சங்கரலிங்கத்தின் பொறுப்பில் இருந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று தேர்ந்து கொடுப்பதில் மனிதர் கெட்டிக்காரர்தான். ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து நின்று, "இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்பார். பதில் வந்தால்தான் அவருக்கு மனசு ஆறும்.

மூன்றாம் வகுப்பு முத்துப்பேச்சி, மணி அடித்ததும் முதல் ஆளாக நூலகத்துக்கு ஓடி வருகிறவள். அவள் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். எதிரே சங்கரலிங்கத்தைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போனாள். பெற்ற பிள்ளை முகம் கொடுக்காமல் போனதுபோல் அவருக்கு வலித்தது. சோறு இறங்கவில்லை. குருவிடம் போனார்.

"அம்மா, பேச்சி வாசிக்கிறதையே விட்டுட்டா. அவ வயசுக்கு நல்ல புத்தகம் எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"கடைசியா எதைக் குடுத்தீங்க ஐயா?"

எடுத்து வந்து கொடுத்தார். காட்டில் வழி தவறிப்போன யானைக்குட்டியின் கதை. பக்கத்துக்குப் பக்கம் படம்.

தவமணி அம்மாள் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் வாசிப்பதுபோலவே எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டி வாசிக்க ஆரம்பித்தார். குட்டி சேற்றில் புரளும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். சங்கரலிங்கத்துக்கும் முகம் மலர்ந்தது.

அப்புறம் குட்டி ஒரு பட்டாம்பூச்சியைத் துரத்திக்கொண்டு கூட்டத்தை விட்டுப் போனது. திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். அடுத்த பக்கத்தில் குட்டி தனியாக நின்று பிளிறியது. குருவின் விரல் அந்தப் படத்தின் மேலேயே நின்றது. முகத்தில் சிரிப்பு இல்லை.

சங்கரலிங்கத்தின் நாக்கு சும்மா இருக்குமா?

"குட்டி செஞ்ச தப்பு என்னன்னு கவனிச்சீங்களாம்மா?"

குரு புத்தகத்தை மூடினார். சங்கரலிங்கத்தின் கையில் கொடுத்தார். எழுந்து வாசல்வரை போய்விட்டார்.

"ஐயோ, அவளும் இப்படித்தாம்மா! இதே பக்கத்துலதான் மூடிக் குடுத்துட்டுப் போனா."

"அவகிட்ட என்ன கேட்டீங்க?"

"இதேதாம்மா. குட்டி என்ன தப்புப் பண்ணுச்சு, எதனால அம்மா இல்லாமப் போச்சுன்னு..."

"பேச்சியோட அம்மா எங்க இருக்காங்க?"

"திருப்பூர்ல. பனியன் கம்பெனி வேலைக்குப் போனவங்க. பொங்கலுக்குக்கூட வரல, பிள்ளை ஆச்சி வீட்டுலதான்..."

சொல்லும்போதே சங்கரலிங்கத்துக்கு உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பாவி நான்! பச்சப்பிள்ளைகிட்டப் போயி என்ன கேள்வி கேட்டுட்டேன்!"

குரு திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தகத்தை வாங்கி, விட்ட இடத்திலிருந்து கடைசிவரை மெதுவாக வாசித்தார். அவர் வாசித்து முடிக்கும்வரை சங்கரலிங்கம் வாய் திறக்கவில்லை. முடித்த பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இனிமே இந்தப் புத்தகத்தை அவ கண்ணுலயே காட்டமாட்டேம்மா. வேற எதைக் குடுக்கட்டும்?"

"இதையே குடுங்க ஐயா," என்றார் குரு. "அம்மா யானை தேடிக்கிட்டு வர்ற பக்கத்துக்கு அவ இன்னும் போகவே இல்லையே."