சிலம்பாயியின் கொத்துத் தட்டு

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசிய மாதிரியே, அவற்றின் தலைக்குள் குடியிருந்த நரம்புகளும் பேசின. அவற்றுக்கு வாயும் கையும் உண்டு, ரோஷமும் உண்டு. செம்மண் தேரிக்காட்டில் உடைமரத்தடியில் படுத்துக்கிடக்கும் ஒரு முயலின் தலைக்குள்ளும் அப்படி ஓர் ஊர் இருந்தது.

அந்த ஊரின் நடுவாசலைப் பார்த்துக்கொண்டவள் சிலம்பாயி. காதுவழி வரும் சேதியெல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். அவள் மேலூர்க் கதவைத் தட்டி அதைச் சொல்ல வேண்டும். மேலூர்க்காரர்கள் கேட்டு முடிவெடுத்தால்தான் முயலின் கால் அசையும். நடுவாசலுக்கும் மேலூருக்கும் இடையில் ஒரு சின்ன ஓடை. தட்டும் ஓசையில் பாதி அந்த ஓடையைத் தாண்டாமல் தண்ணீரிலேயே விழுந்துவிடும்.

மேலூர்த் தலைவர் அம்மையப்பனுக்குச் சத்தம் ஆகாது. "ஒரு சேதிக்கு ஒத்தத் தட்டு. தட்டிட்டுக் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்" என்று கட்டுப்பாடு போட்டிருந்தார். மேலூர்க்காரர்களுக்கோ வேறொரு வழக்கம். நரம்புகளுக்குச் சும்மா இருக்கும்போதே விக்கல் வரும். விக்கினால் கை தானாகக் கதவில் பட்டுவிடும். அதனால் தூக்கத்தில் ஒற்றைத் தட்டு கேட்டால், "எவளுக்கோ விக்கல்" என்று புரண்டு படுத்துக்கொள்வார்கள். ஒரு தட்டுக்கு மேல் தட்டக் கூடாது. ஒரு தட்டுக்குக் கதவும் திறக்காது. இது என்ன நியாயம் என்று கேட்க அந்த ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை.

முயல் கண்ணயர்ந்திருந்த ஒரு மத்தியானம் காட்டுப்பூனை வந்தது. முயலின் இடது காது நுனியில் குடியிருந்தவள் சிலம்பாயியின் தங்கை செம்பி. பூனையின் மூச்சுக்காற்று மேலே பட்டதுமே பதறிப்போய் அக்காளுக்குச் சேதி அனுப்பினாள். சிலம்பாயி கட்டுப்பாட்டை மீறாமல் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேலூர் புரண்டு படுத்தது. பூனை கடித்த கடியில் காது நுனியோடு செம்பியும் போனாள். அந்த வலியில்தான் மேலூர் முழித்தது. முயல் எப்படியோ ஓடித் தப்பியது.

சிலம்பாயி அழுது முடித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே மேலூர்ச் சபைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, இனிமே நான் கொத்தாத்தான் தட்டுவேன். மூச்சு விடாம அடுத்தடுத்துத் தட்டினா, விக்கல்னு சொல்லி யாரும் படுத்துக்கிட முடியாதுல்லா?"

"ஏட்டி, ஊருக் கட்டுப்பாடு உனக்கு விளையாட்டாத் தெரியுதோ?" என்று சீறினார் அம்மையப்பன்.

"எந் தங்கச்சி போனது உங்களுக்கு விளையாட்டாத் தெரியுதா?"

அம்மையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஊரில் அமுக்குகாரர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. யாராவது துள்ளினால் மேலே ஏறி உட்கார்ந்து அடக்குவது அவர்கள் வேலை. அவர்களில் மூத்தவனான கட்டையனைக் கூப்பிட்டு, "இவள அமுக்கிப் போடு. ஒரு சத்தம் வரக் கூடாது" என்றார்.

"அப்போ சேதி யாரு சொல்லுவா, அண்ணாச்சி?" என்று கட்டையன் தலையைச் சொறிந்தான்.

"சேதி இல்லன்னா நிம்மதியாத் தூங்கலாம். சொன்னதச் செய்யிலே."

தலைவரின் அறிவு அவ்வளவுதான். கட்டையன் ஏறி உட்கார்ந்தான். அவன் நல்ல கனம். சிலம்பாயிக்கு எலும்பிருந்தால் நொறுங்கியிருக்கும்.

"ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டிரு தாயி, எறங்கிருதேன்" என்றான் அவன்.

"நான் எதுக்குக் கேக்கணும்? நீ நல்லா உக்காரு."

அவள் உடம்பின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன மடைகள் இருந்தன. ஓயாமல் வேலை பார்த்த நாட்களில் அவை துருவேறினதுபோல் இறுகிக் கிடந்தன. இப்போது அமுங்கி, அடங்கி, சும்மா கிடந்ததில் அவை ஒவ்வொன்றாக இளக ஆரம்பித்தன. உள்ளே என்னவோ கூடி வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் மத்தியானம். முயல் அசந்து தூங்கியது. மேலூரே குறட்டை விட்டது. பனங்கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு நரி பதுங்கிப் பதுங்கி வந்தது. அதன் காலடியில் ஒரு காய்ந்த சருகு நொறுங்கியது. அது கொசு பறக்கும் சத்தம் அளவுகூட இருக்காது.

அந்தத் துளிச் சேதி சிலம்பாயிமேல் பட்டதுதான் தாமதம், இளகிக் கிடந்த மடையெல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. வெளியே நின்ற தண்ணீர் உள்ளே பாய்ந்த வேகத்தில் கட்டையன் மல்லாக்கப் போய் விழுந்தான். அவள் எழுந்து தட்டினாள். தட் தட் தடதடதடதட! முதல் ஓசை ஓடையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பின்னால் வந்தவை அவற்றின் முதுகில் ஏறிக் கரை தாண்டி மேலூர்க் கதவில் மோதின.

"எவளுக்கோ விக்..." என்று ஆரம்பித்த ஒருவன் பாதியிலேயே துள்ளி எழுந்தான். "எலே, இது விக்கல் இல்லலே! எந்திரிங்க!"

முயல் பாய்ந்தது. நரியின் வாயில் செம்மண்தான் மிஞ்சியது.

அவிழ்ந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு அம்மையப்பன் நடுவாசலுக்கு ஓடிவந்தார். உயிர் பிழைத்த சந்தோஷத்தைவிடக் கட்டுப்பாடு போன கோபம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

"யாரு உன்ன இப்படித் தட்டச் சொன்னா?"

"நீங்கதான் அண்ணாச்சி. அமுக்கச் சொன்னது நீங்கதான? அமுக்கினதாலதான் எனக்கு இவ்வளவு பெலம் வந்திச்சு." சிலம்பாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஊரு முழிச்சிருக்கும்போது ஒத்த ஒத்தயாத் தட்டி, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்னு விவரமாச் சொல்லுதேன். ஊரு அசந்தா கொத்தாத்தான் தட்டுவேன். பிடிக்கலன்னா காதப் பொத்திக்கிடுங்க."

"திரும்பவும் அமுக்குவேன்!"

"அமுக்குங்க."

வீம்பு பிடித்த மனுஷன், உண்மையாகவே அமுக்கச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே படுத்தாள்.

அன்று முதல்தான், உயிர்கள் கண்ணயரும்போதெல்லாம் தலைக்குள் இருக்கும் அமுக்குகாரர்கள் நடுவாசல் நரம்புகளை அமுக்கிப் போடுகிறார்கள். எங்கோ ஒரு சருகு அசைந்தால் போதும், அமுங்கிக் கிடந்தவள் கொத்தாகத் தட்டி ஊரையே எழுப்பிவிடுகிறாள்.