விருமாயிக்கு ஒரு கிண்ணம் கோழிச்சோறு

குரு என்றதும் தாடியும் புலித்தோலும் நினைவுக்கு வந்தால் அதை அழித்துவிடுங்கள். இந்தக் கதையின் குரு பஞ்சவர்ணம். வயது நாற்பது. மதுரை ஆரப்பாளையத்தில் சாயங்காலமானால் தள்ளுவண்டி போடுகிறவள். அவள் விற்பது ஒன்றே ஒன்றுதான், கிண்ணத்தில் கோழிச்சோறு. வேலை விட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டாலும் விடுவார்களே தவிர அந்த வண்டியை விடமாட்டார்கள்.

சீடருக்கு அவளைவிட வயது அதிகம். பெயர் ஒச்சப்பன். கிரில் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவர். தலை நரைத்துவிட்டது, பேச்சும் குறைவு. ஒரு மத்தியானம் அவள் வீட்டுப் பின்பக்கத்தில் கோழி கழுவிக்கொண்டிருந்தபோது எதிரே போய் நின்றார்.

"தாயி, இந்தச் சோறு ஆக்க எனக்குச் சொல்லித் தரணும்."

"வண்டி போடப் போறீங்களாண்ணே?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்குன்னா வாங்கிட்டுப் போங்க. நான் ஒருத்தி வேகுறது பத்தாதா, நீங்க வேற எதுக்கு அடுப்புல வேகணும்?"

"வாங்கிட்டுப் போனேன். காரம் தாங்காம துப்பிட்டா. வீட்டுக்காரிக்கு வாயில கேன்சர். ஆஸ்பத்திரியில கரண்டு வச்சதுல உள்ள பூராம் புண்ணு."

பஞ்சவர்ணத்தின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

மிச்சத்தையும் ஒச்சப்பன் சொன்னார். உடம்பில் கொஞ்சம் தெம்பு ஏறினால்தான் அடுத்த வைத்தியம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறாவிட்டால் என்ன என்று கேட்டதற்கு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மனைவி விருமாயி நாளுக்கு நாள் இற்றுக்கொண்டே வந்தாள். கஞ்சி வேண்டாம், பால் வேண்டாம், எதுவும் வேண்டாம் என்றவள் ஒரு நாள் தானாகவே வாய் திறந்து, "கோழிச்சோறுன்னா திம்பேன்" என்றாள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷர் வந்திருந்தார். அவருக்கு இருந்த பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"சமைச்சுப் பழக்கமுண்டா?"

"ஆக்குவேன்."

அவள் முன்னால் கிடந்த சின்ன வெங்காயத்தை எடுத்து அவர் உரித்தார். பழகிய கை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கே பழகிய கை என்று பஞ்சவர்ணம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து பட்டறையில் சாப்பாட்டு மணி அடித்ததும் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பாடமும் அதிகமில்லை.

"தொடைக்கறி வாங்குங்க. நெஞ்சுக்கறி சக்கையா நிக்கும், அவங்களால மெல்ல முடியாது."

"சரி."

"எலும்பை எடுத்துருங்க. ஆனா எறிஞ்சுறாதீங்க. அதைத் தனியா வேகவச்ச தண்ணியிலதான் அரிசி வேகணும். ருசி பூராம் அதுலதான் இருக்கு."

"மொளகா?"

"ஆகாது. மொளகும் புண்ணுக்கு ஆகாது. சீரகமும் இஞ்சியும் போதும், அதுவும் பேருக்கு. தேங்காப்பாலு ஊத்தி எறக்குங்க, அது வழவழன்னு கொண்டுபோயிரும்."

"உப்பு?"

"அது கைக்கே தெரியும்ணே."

நன்றாகச் சமைக்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் பதில் இது. கற்றுக்கொள்ள வந்தவனுக்கு இதனால் இதுவரை ஒரு நன்மையும் விளைந்ததில்லை.

அன்று பட்டறையிலிருந்து வந்ததும் ஒச்சப்பன் ஆக்கினார். விருமாயி இரண்டு வாய் சாப்பிட்டாள். "நல்லாருக்கு" என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

அவர் குருவிடம் போய் நின்றார். "நல்லாருக்குங்கறா. ஆனா திங்க மாட்டேங்குறா."

"இன்னும் கொழைய விடுங்க."

குழைய விட்டார். இரண்டு வாய். நல்லாருக்கு.

"கறியைப் பிச்சுப் போட்டு மசிச்சு விடுங்க."

மசித்தார். நல்லாருக்கு என்றாள், ஆனால் அன்றைக்கு ஒரு வாய்தான் இறங்கியது. அவள் கழுத்தெலும்பு அவருடைய கண்ணெதிரே நாளும் மேலே வந்துகொண்டிருந்தது. ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்துப் போட்டார்கள், அதுவும் தொளதொளத்தது. பட்டறையில் வெல்டிங் வைக்கும்போது கறுப்புக் கண்ணாடிக்குள் அழுதுகொள்வார். அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"நீ எதையோ ஒளிச்சு வச்சிருக்க தாயி."

"என்னத்த?"

"ஒன் வண்டியில ஊரே அலைமோதுது. என் கையில ஆக்குனா எறங்க மாட்டேங்குது. ஏதோ ஒண்ணு எனக்குச் சொல்லாம விட்டுட்ட."

பஞ்சவர்ணத்துக்குச் சுருக்கென்றது. வாய்த்துடுக்குக்காரி, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். நறுக்கி வைத்திருந்த வெங்காயத்தை மூடி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"இன்னைக்கு வண்டி போடல. சாயங்காலம் ஒங்க வீட்டுக்கு வர்றேன். ஆக்குங்க, பாக்குறேன்."

வீடு என்றால் ஓர் அறையும் அதை ஒட்டி இறக்கிய அடுப்படியும்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு மரக்கதவு. ஒச்சப்பன் பட்டறையிலிருந்து வந்ததும் நேரே குழாயடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றினார். சுத்தமான வேட்டி கட்டினார். துண்டை எடுத்து வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். அதற்குப் பிறகு ஒரு பேச்சு இல்லை.

பஞ்சவர்ணம் பக்கத்தில் நின்று பார்த்தாள். வெங்காயம் நிறம் மாறாமல் வதங்கியது. எலும்புத் தண்ணீரில் அரிசி பதமாக விழுந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உள்ளே போய் விருமாயியைப் பார்த்தாள். விருமாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தை மறைத்துச் சேலைத் தலைப்பைச் சுற்றியிருந்தாள்.

"வாத்தா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்கு வலித்தது.

"எப்படிக்கா இருக்கு?"

விருமாயி கையை மட்டும் விரித்துக் காட்டினாள்.

பஞ்சவர்ணம் திரும்பி வருவதற்குள் உப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து, சோறு கிண்ணத்துக்கு வந்துவிட்டது. ஒச்சப்பன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் விருமாயியின் முன்னால் வைத்தார். ஒரு செம்பில் தண்ணீர் வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டார்.

"ஏண்ணே சாத்துறீங்க?"

அவர் துண்டை அவிழ்த்தார். "பாத்தா அவளுக்குக் கூச்சமா இருக்கும். வாயெல்லாம் ஒழுகும்ல."

பஞ்சவர்ணம் சட்டியில் மிச்சமிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

ஒச்சப்பன் பதறிவிட்டார். "ஏ தாயி! அவ இன்னும் திங்கலையே!"

பஞ்சவர்ணம் ஓடிப்போய்க் குழாயடியில் துப்பினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"உப்பு ருசி பாத்தீங்களா?"

"அதெப்படிப் பாக்குறது? அவளுக்கு வைக்கிறதுக்கு முந்தி நாக்குல வச்சா எச்சிலாயிராதா?"

"யாரு சொல்லிக் குடுத்தது ஒங்களுக்கு?"

"கொலசாமி கோயில்ல ஆம்பளைக நாங்கதான ஆக்குவோம். பொம்பளைக வரக்கூடாது. வாயக் கட்டிக்கிட்டுத்தான் ஆக்கணும். சாமிக்குப் படைக்கிற வரைக்கும் ஒரு பருக்கை வாயில வைக்க முடியாது. அண்டா அண்டாவா ஆக்கியிருக்கேன் தாயி. ஒரு கொறை வந்ததில்ல."

"வீட்டுல ஆக்குனதில்லையா?"

"வீட்டுல எதுக்கு? அவதான் இருக்காளே."

அண்டாவுக்கு உப்பு அள்ளிப் பழகிய கை அது. கைக்கே தெரியும் என்று அந்தக் கையிடம்தான் பஞ்சவர்ணம் சொல்லியிருந்தாள். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. சட்டியை அவர் முன்னால் நீட்டினாள்.

"வாயில வைங்க."

"அவ..."

"வைங்கண்ணே."

ஒச்சப்பன் ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டார். புண்ணில்லாத வாய்க்கே உப்புக் கரித்தது. விழுங்க முடியவில்லை, துப்பவும் தோன்றவில்லை. வாயில் வைத்தபடியே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

விருமாயி கிண்ணத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

கிண்ணத்தை அவர் பிடுங்கினார். "எரியலையா ஒனக்கு?"

விருமாயி சேலைத் தலைப்பை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள்.

"கேக்குறேன்ல. எரியலையா?"

"எரியுது."

"மொத நாள்லருந்தா?"

தலையாட்டினாள்.

"சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடி?"

விருமாயிக்குப் பேசுவது பெரிய பாடு. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "குளிச்சு முழுகி ஆக்குறீங்க. கொண்டாந்து வச்சதும் கதவச் சாத்திட்டுப் போயிருறீங்க. யாருகிட்டச் சொல்ல?"

ஒச்சப்பன் கிண்ணத்தோடு அடுப்படிக்கு வந்தார். பஞ்சவர்ணம் அதற்குள் வேறு சட்டி வைத்திருந்தாள். உப்பில்லாமல் கொஞ்சம் அரிசியைக் குழைய வேகவைத்து, மிச்சமிருந்த கறியைக் கழுவிப் பிழிந்து மசித்துப் போட்டு, தேங்காய்ப்பாலை ஊற்றிக் கிளறினாள். கரண்டியை அவரிடம் கொடுத்தாள்.

"பாருங்க."

இந்தத் தடவை அவர் தயங்கவில்லை. ஊதி வாயில் வைத்தார்.

"சப்புன்னு இருக்கு."

"ஒரு கல்லு உப்பு போடுங்க. திரும்பப் பாருங்க."

போட்டார். பார்த்தார். இன்னும் ஒரு கல் போட்டார்.

"இப்ப?"

"இப்பச் சரியா இருக்கு. அவளுக்கும் சரியா இருக்குமா தாயி?"

"அதை அவங்ககிட்டக் கேளுங்க."

ஆற வைத்துக் கொண்டுபோனார். விருமாயி ஒரு வாய் வாங்கினாள். அவர் அவளையே பார்த்தார்.

"எரியுதா?"

"இல்ல."

அவருக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் விழுங்கியபோது உடம்பு முழுக்கக் குறுகியது. கை பாயைப் பற்றிக்கொண்டது. தொண்டைக்குள் இருந்த புண்ணுக்கு உப்பென்ன, தேங்காய்ப்பாலென்ன. வலி வலிதான். கண்ணில் மறுபடியும் தண்ணீர் கட்டியது. அவள் இரண்டாவது வாய்க்கு வாயைத் திறந்தாள். ஒச்சப்பன் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அடுப்படியில் பஞ்சவர்ணம் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். "ஏன் வந்துட்டீங்க?"

"முழுங்கறப்ப வலிக்குது தாயி. என்னால பாக்க முடியல. கூச்சமெல்லாம் அவளுக்கில்ல, எனக்குத்தான் தாங்க மாட்டேங்குது." கதவை இழுத்துப் பிடித்தார். "பைய தின்னு முடிக்கட்டும்."

பஞ்சவர்ணம் கழுவுவதை நிறுத்தினாள்.

"அண்ணே, ஒங்க அப்பாவுக்கு வருசா வருசம் படையல் போடுவீங்கள்ல?"

"போடுவோம். ஏன்?"

"எலையில சோத்த வச்சுட்டு என்ன செய்வீங்க?"

"கதவச் சாத்திட்டு வெளிய வந்து நிப்போம்."

"எதுக்கு?"

"வந்து தின்னுட்டுப் போகணும்ல."

"யாரு?"

ஒச்சப்பன் கதவிலிருந்து கையை எடுத்தார்.