பனி நக்கிய மான்களும் பாதைக் கற்களும்

ஒரு காட்டில், சதுப்பு நிலத்தின் கரையில், மழைக்காலம் தொடங்கும் நாளில் கூடியிருந்தவர்கள் இவர்கள்: யானை ஒன்று, காட்டெருமை இரண்டு, வெளிமான் ஐந்து, முயல் மூன்று, நரி ஒன்று. ஐந்து மான்களில் ஒன்று குட்டி. ஆக மொத்தம் பன்னிரண்டு பேர்.

மழை வலுத்தால் அந்தக் கரை மூழ்கிவிடும். சதுப்புக்கு அப்பால் இருந்த மேட்டுக்குப் போனால்தான் உயிர் பிழைக்கலாம். போவதற்கு ஒரே ஒரு கல்பாதைதான் இருந்தது.

அந்தப் பாதைக்கு ஒரு வழக்கம் உண்டு. கரையில் இருந்த ஊற்றில் ஒருமுறை தண்ணீர் குடித்தால், பாதையில் ஒரு கல் போட வேண்டும்.

அந்தக் கோடையில் ஊற்று வற்றத் தொடங்கியது. "முடிந்தவர்கள் புல்லில் படியும் பனியை நக்கிக்கொள்ளுங்கள், ஊற்று பிழைக்கட்டும்" என்று யானை கேட்டுக்கொண்டது. மான்கள் ஊற்றுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டன. முயல்கள் ஒருநாள் ஊற்றிலும் மறுநாள் பனியிலும் தாகம் தீர்த்தன. எல்லோரும் அவர்களைப் பாராட்டினார்கள். ஊற்றும் பிழைத்தது.

ஆனால் பாதையில் விழும் கற்கள் குறைந்துபோயின. நடுவில் பாதை அமுங்கிக் குழியானது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்று எல்லோரும் கூடினார்கள்.

"நாங்கள் குடிக்கிறோம், கல் போடுகிறோம். நீங்களோ ஓசியில் நடக்கிறீர்கள்!" என்றது மூத்த எருமை.

"குடிக்காதே என்று சொன்னது யார் அண்ணா? நாங்கள் விட்டுக்கொடுத்த தண்ணீரைத்தானே நீங்கள் குடித்தீர்கள்?" என்றது தாய்மான்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் நாங்கள் கல் போட்டோம். எங்களை இதில் இழுக்காதீர்கள்" என்றது ஒரு முயல்.

நரி முன்னால் வந்தது. "பேச்சு எதற்கு? பனி நக்குகிறவர்கள் தலைக்குப் பத்துக் கல் போடட்டும். ஏய்த்ததற்குத் தண்டம்!"

மான்களுக்குக் கோபம் வந்தது. "ஒரு கல்லும் போட மாட்டோம்! அந்தக் குழியை நாங்கள் ஒரே தாவலில் தாண்டிவிடுவோம்" என்று சொல்லிப் பாதையில் ஓடின.

மூன்று மான்கள் தாண்டிவிட்டன. அவற்றைப் பார்த்துக் குட்டியும் தாவியது. அதன் கால்களுக்கு அவ்வளவு எட்டவில்லை. குழியில் விழுந்து கழுத்துவரை சேற்றில் புதைந்தது.

"ஐயோ, என் பிள்ளை!" என்று தாய்மான் அலறியது.

யானை பாதையில் கால் வைத்தது. கற்கள் நழுவின. "இன்னும் ஓரடி வைத்தால் நானும் உள்ளே போய்விடுவேன். கல் கொண்டுவாருங்கள்!"

யார் பங்கு எவ்வளவு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. எருமைகள் நெற்றியால் கல்லைத் தள்ளின. தாண்டிய மான்களும் திரும்பித் தாவி வந்து, வாயில் கவ்விப் போட்டன. முயல்கள் உருட்டின. யானைக்கு நிற்க இடம் கிடைத்ததும் துதிக்கையை நீட்டிக் குட்டியைத் தூக்கியது.

"இதில் தண்டக் கல் பத்தும் சேர்த்தியா?" என்று கரையில் உட்கார்ந்தபடியே கேட்டது நரி.

தாய்மான் குட்டியின் முகத்துச் சேற்றை நக்கிவிட்டு நிமிர்ந்தது. "நாங்கள் ஊற்றில் குடிக்கவில்லை, ஆனால் பாதையில் நடந்தோம். எங்கள் குளம்பும் கல்லைச் சேற்றில் அமுக்கியது. அது எங்கள் தவறு. ஆனாலும் எருமை அண்ணா, உன் குளம்பையும் என் குளம்பையும் பார். உனக்கு ஒன்று, எனக்குப் பத்தா?"

எருமை தன் காலடியைப் பார்த்தது. "என் தடத்தில் உன் குட்டி படுத்துத் தூங்கலாம், தங்கச்சி" என்றது.

யானை யோசித்துச் சொன்னது: "இனி ஊற்றில் எண்ண வேண்டாம், பாதை வாசலில் எண்ணுவோம். ஈர மண்ணில் ஒருமுறை காலை அழுத்துங்கள். அந்தத் தடம் எத்தனை கல்லில் நிறைகிறதோ, அத்தனையும் பாதைக்கு." பிறகு தன் காலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. "என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன்."

முயல்கள் எண்ணின. யானைக்கு முப்பது கல். எருமைக்குப் பன்னிரண்டு. பெரிய மானுக்கு மூன்று, குட்டிக்கு ஒன்று. முயலுக்கும் ஒன்று. நரிக்கு இரண்டு.

"எனக்கு எதற்கு?" என்று துள்ளியது நரி. "நான் ஊற்றில் குடித்ததே இல்லையே! மலை ஓடையில்தானே குடிக்கிறேன்!"

"அப்படியானால் இத்தனை வருடமும் ஒரு கல்கூடப் போடவில்லையா?" என்றது தாய்மான்.

நரி வானத்தைப் பார்த்தது. "மழை வருகிறது, மழை வருகிறது" என்று எல்லோருக்கும் முன்னால் மேட்டுக்கு ஓடிவிட்டது.

மற்றவர்கள் தங்கள் கற்களைக் குழியில் போட்டு, மிதித்துப் பார்த்து, ஒவ்வொருவராகக் கடந்தார்கள். கடைசியாக வந்த முயல் மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தது. "கரையில் இரண்டு கல் கிடக்கிறது" என்றது.

பதினொரு பேரும் நரியைப் பார்த்தார்கள்.

நரி வாலைத் தாழ்த்திக்கொண்டு மழையில் திரும்பி நடந்தது. இரண்டு கற்களையும் ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து குழியில் போட்டது.

எல்லோரும் மேடேறியபின் கரையில் மிஞ்சிய கற்கள்: பூஜ்யம்.

நீதி: நல்லது செய்தவருக்குத் தண்டமும் வேண்டாம், விலக்கும் வேண்டாம்; பொதுவழியில் நடப்பவர் எவரும் தம் தடத்தின் அளவுக்கு அதைக் காக்க வேண்டும்.