கூழைக்கடா ஊர் பார்க்கப் போன கதை

அன்று காலை ஏரிக்கரையில் இருந்தவர்கள் இவர்கள்: கூழைக்கடா ஒன்று, ஆமை ஒன்று, நண்டு ஒன்று, தவளை இரண்டு, அணில் ஒன்று, நீர்க்கோழி ஒன்று, நரி ஒன்று. ஆக மொத்தம் எட்டு. கருவேல மரத்தடியில் நத்தை ஒன்றும் இருந்தது. அதையும் சேர்த்தால் ஒன்பது. நத்தை அதிகம் பேசாது. அதனால் யாரும் அதை எண்ணுவதில்லை.

கூழைக்கடாவுக்கு உடம்பெல்லாம் அலுப்பு. மூன்று குஞ்சுகளுக்கும் மீன் சுமந்து சுமந்து அதன் அலகுப் பை தொய்ந்துபோயிருந்தது. நேற்றுத்தான் கடைசிக் குஞ்சும் பறந்து போனது. இன்று கண் விழித்ததும், சுமக்க ஒன்றுமில்லை என்பது அதற்கு மெல்லப் புரிந்தது.

அந்த நிமிஷமே ஓர் ஆசை வந்தது. கடலோரப் பட்டணத்துக்குப் போக வேண்டும். தனியாகப் போக வேண்டும். தெருத்தெருவாகச் சுற்ற வேண்டும். அங்கே சங்கரா என்று ஒரு கடல் மீன் உண்டாம். அதில் ஒன்றாவது தின்று பார்க்க வேண்டும். பிறந்தது முதல் அது ஏரி மீனைத் தவிர வேறு மீன் தின்றதில்லை.

கூழைக்கடா சிறகை உதறியது. ஆமை பார்த்துவிட்டது.

"எங்க அக்கா, காலங்காத்தால கிளம்பிட்டீங்க?"

"பட்டணத்துக்கு. சும்மா ஒரு நாள் சுத்திட்டு, கடல் மீன் ஒண்ணு தின்னுட்டு வரலாம்னு."

"சும்மாதானே போறீங்க! வரும்போது குயவர் தெருவுல ஒரு கட்டி செங்காவி எடுத்துட்டு வாங்க. ஓட்டுல பூசிக்கணும்."

நண்டு வளையிலிருந்து ஓடி வந்தது. "குயவர் தெருவுக்கா போறீங்க? எனக்கு ஒரு குட்டிக் கலயம்! குடியிருக்க!"

"எனக்குச் சலங்கை மணி!" என்றது ஒரு தவளை.

"அவனுக்குன்னா எனக்கும்!" என்றது இன்னொன்று.

அணில் தயங்கித் தயங்கிக் கேட்டது. "கோரைப் பாய் அறுக்கிற இடத்துல ஓரத்துண்டு கிடக்கும் அக்கா. கூட்டுக்கு வேணும். குட்டி போடற நேரம்."

நீர்க்கோழி ஒரு ஜரிகைத் துண்டு கேட்டது. நரி கடைசியாக வந்தது. "எனக்கு ஒரே ஒரு முறுக்கு. உடையாம வரணும்!"

"இவ்வளவும் நான் எப்படித் தூக்குவேன்?" என்றது கூழைக்கடா.

"நல்லாக் கேட்டீங்க! அம்மாம்பெரிய பையைத் தொங்கவிட்டுக்கிட்டு வெறும் பையோடவா திரும்புவீங்க?" என்று நரி சிரித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

முடியாது என்று சொல்லத்தான் கூழைக்கடா அலகைத் திறந்தது. ஏழு முகங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆகட்டும்" என்றது.

ஏழு பேர், ஏழு சாமான். மனத்துக்குள் எண்ணிக்கொண்டே பறந்தது.

வெயில் ஏறுவதற்குள் பட்டணம் வந்தது. முதலில் குயவர் தெரு. ஒரு சக்கரம் சுற்ற, அதன் நடுவில் ஈர மண் கொடிபோல் எழும்பியது. கூழைக்கடா இதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கொஞ்சம் நின்று பார்க்கலாமா? இன்னும் ஏழு இருக்கிறதே! குப்பைமேட்டில் கிடந்த காவிக் கட்டியையும், விளிம்பு உடைந்த கலயத்தையும் கவ்விப் பைக்குள் போட்டுக்கொண்டது. இரண்டு முடிந்தது. பாக்கி ஐந்து.

அடுத்தது வார்ப்புப் பட்டறைகள் இருந்த சந்து. உருக்கிய வெண்கலத்தை அச்சுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இளவெயில்போல் ஒரு நிறம். அதையும் அது ஓரக்கண்ணால்தான் பார்த்தது. வார்ப்பு சரியாக வராததால் வீசி எறிந்த மணிகளில் இரண்டை எடுத்துக்கொண்டது. பாக்கி மூன்று.

பாய்க்காரர் தெருவில் ஓரத்துண்டு. தறிகள் சடசடக்கும் தெருவில் ஜரிகை. இட்டிலி அவியும் மணம் வந்தது. தலையைத் திருப்பாமல் போனது.

முறுக்குக் கடை அம்மாளுக்கு ஒரு வழக்கம். முதல் ஈடு முறுக்கில் ஒன்றைக் காக்கைக்கு வைப்பாள். அங்கே ஒரு காக்கை காத்திருந்தது. கூழைக்கடா அதனிடம் கெஞ்சியது.

"உனக்குப் பசியா?" என்றது காக்கை.

"எனக்கில்லை. எங்க ஊர் நரிக்கு."

"நரிக்கா! நீ தின்னறதுன்னா பாதி தரலாம்னு பார்த்தேன். நரிக்கு முறுக்கு வாங்கவா இவ்வளவு தூரம் பறந்து வந்தே? எடுத்துக்கோ, போ! உன்னைப் பார்த்தாலே எனக்குக் களைப்பா இருக்கு."

ஏழும் முடிந்தது. கூழைக்கடா முறுக்கை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அலகை இறுக மூடிக்கொண்டு, மீன் துறைக்குப் பறந்தது.

அங்கே படகுகள் அப்போதுதான் கரை சேர்ந்திருந்தன. வலையை உதறும்போது சின்ன மீன்களைப் பறவைகளுக்கு எறிவது அந்தத் துறையின் பழக்கம். படகின் ஓரத்தில் ஒரு கிழட்டுப் பூனை உட்கார்ந்திருந்தது.

"வெளியூரா? நல்ல நேரத்துக்கு வந்தே. இன்னிக்குச் சங்கரா! வாயைத் திற!"

கூழைக்கடா அலகை ஒரு விரல் அளவு திறந்தது. "முடியாது. திறந்தா மீன் விழுந்து உள்ளே இருக்கிற முறுக்கு உடைஞ்சிடும்."

"முறுக்கா? கீழே கொட்டேன். நான் பார்த்துக்கறேன்."

"காணாமப் போயிடுச்சுன்னா?"

"முறுக்குக்கு நான் பொறுப்பில்லை. மத்த குப்பையை எவன் தூக்கப் போறான்? கொட்டு!"

கொட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தது. ஆனால் ஏழு முகங்களும் கண்முன் வந்தன. "சொல்லி அனுப்பியிருக்காங்களே..." என்றது.

மீன் பறந்து வந்தது. இளஞ்சிவப்பாக, பளபளவென்று, அது நினைத்ததைவிட அழகாக இருந்தது. மூடிய அலகில் மோதிக் கீழே விழுந்தது. கடற்காக்கை கொத்திக்கொண்டு போனது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. வலை காலியானது.

"நல்லா ஊர் பார்த்தே, போ!" என்றது பூனை.

வெயில் தணிந்தால் மேலே தூக்கும் சூட்டுக்காற்று நின்றுவிடும். பிறகு கனத்த பையோடு பறக்க முடியாது. கூழைக்கடா பட்டினியாகவே கிளம்பியது.

சாயங்காலம் ஏரிக்கரையில் ஏழு சாமானையும் வரிசையாக வைத்தது. அலகு வலித்தது.

அணில் கோரைத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மரமேறியது. நரி முறுக்கைக் கடித்தது. "நமுத்துப் போச்சு!" என்றது. ஆனாலும் தின்று தீர்த்தது.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "காலையில ஆசையா இருந்துச்சு அக்கா. இப்ப இல்லை."

நண்டு சொன்னது: "மத்தியானமே புது வளை தோண்டிட்டேனே!"

"ஜரிகை மின்னினா பருந்து பார்த்துடுமே! அதை யோசிக்காமக் கேட்டுட்டேன்" என்றது நீர்க்கோழி.

தவளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "சும்மா கேட்டோம்! நிஜமாவே தூக்கிட்டு வருவீங்கன்னு யார் நினைச்சா?"

எல்லோரும் போனார்கள். கூழைக்கடா அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அப்போது கருவேல மரத்தடியிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. நத்தை.

"அக்கா, அந்தக் கடல் மீன் எப்படி இருந்துச்சு?"

அன்று முழுவதும் அதைக் கேட்டது நத்தை ஒன்றுதான். கூழைக்கடா வெறும் பையோடு மெல்ல ஏரிக்குள் இறங்கியது.

சும்மா கேட்பவர்களுக்கெல்லாம் தலையாட்டுகிறவர் தமக்கென்று வேண்டியிருந்த ஒன்றை இழந்துவிடுவார்.

கரையில் மிச்சம் கிடந்தவை ஐந்து.