வாலைப் பார்த்து ஓட்டுப் போட்ட சபை

ஒரு காட்டில் ஒரு ராஜா இருந்தார் என்றுதான் கதை சொல்வார்கள். இந்தக் காட்டில் ராஜா இல்லை. ராஜாவான சிங்கம் கடலுக்கு அப்பால் வேறொரு காட்டில் உட்கார்ந்திருந்தது. இந்தக் காட்டை அது கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனாலும் காடு அதனுடையதுதான். அதன் பெயரால் ஆள்வதற்கு ஒரு புலி கப்பலேறி வந்திருந்தது. அந்தப் புலிக்குக் கவர்னர் என்று பெயர்.

கவர்னர் புலிக்கு வெயில் ஆகாது. பங்குனி பிறந்ததும் மலைமேல் ஏறிவிடும். நல்ல மழை பெய்த பிறகுதான் கீழே இறங்கும். அதுவரை காட்டைக் கவனித்துக்கொள்ளக் காரியதரிசியாக ஒரு சிறுத்தையை வைத்திருந்தது.

“எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஆள்கிறீர்களே!” என்று பிராணிகள் முணுமுணுத்தன.

“கேட்டால் போயிற்று” என்றது புலி. உடனே ஒரு சட்டசபையை ஏற்படுத்தியது. வளைகளிலும் புதர்களிலும் வசிப்பவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் அங்கத்தினர்கள் கொஞ்சம் பேர். புலியே பொறுக்கி எடுத்து நியமித்த அங்கத்தினர்கள் அவர்களைப்போல் இரண்டு பங்கு. புலி கணக்கில் கெட்டி என்று தெரிகிறதா, குழந்தைகளே?

நியமன அங்கத்தினர்கள் எல்லாருக்கும் பகதூர் பட்டம் உண்டு. காட்டெருமை பகதூர், மயில் பகதூர், மந்தி பகதூர், ஒரு கூட்டம் கடமான் பகதூர்கள். சபைக்கு அக்கிராசனராக ஒரு கிழட்டு ஆமை. விதிகள் அத்தனையும் ஆமைக்குத் தலைகீழ்ப் பாடம். சங்கடமான நேரம் வந்தால் மட்டும் அந்தத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வளைவாசிகளின் பிரதிநிதி ஒரு கீரி. பாம்புகளோடு மல்லுக்கு நின்றே வளர்ந்த கீரி. பாம்பு எவ்வளவு சீறினாலும் அது காதில் போட்டுக்கொள்ளாது. உடம்பு எந்தப் பக்கம் அசைகிறது என்று மட்டும் பார்க்கும். அப்படிப் பார்க்காத கீரிகள் பிழைப்பதில்லை.

அந்த வருஷம் பொல்லாத கோடை. ஓடைகள் வற்றிவிட்டன. மிஞ்சியது தாமரை மடு ஒன்றுதான். சிறுத்தை அதன் கரையில் ஒரு பலகையை நட்டது. ‘இது சர்க்கார் மடு. கவர்னரும் காரியதரிசியும் மட்டும் இறங்கலாம்’ என்று பலகையில் எழுதியிருந்தது. கவர்னரோ மலைமேல். ஆக, மடு முழுவதும் சிறுத்தைக்கு. பகதூர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. அவர்கள் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொள்ளலாம்.

வளைவாசிகளுக்குப் பாறையடியில் ஒரு சேற்றுக்குழிதான் கதி. அதில் பச்சையாக ஏதோ ஊறிக் கிடந்தது. அதை நக்கித்தான் நாக்கை நனைத்தார்கள். கீரியின் கடைக்குட்டிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததை எல்லாம் கக்கிவிட்டுச் சுருண்டு படுத்திருந்தது.

“அப்பா, மடுவுல நல்ல தண்ணி இருக்காமே?” என்று கேட்டது குட்டி.

“இருக்குடா கண்ணு. சபையில கேட்டு வாங்கிட்டு வரேன்” என்றது கீரி. சபை என்றால் கேட்டது கிடைக்கும் என்று அது உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தது, பாவம்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஆலமரத்தடியில் சபை கூடும். அன்றும் கூடியது. முதலில், பார்த்தே இராத சிங்கத்துக்காகப் பிரார்த்தனை. பிறகு கேள்வி நேரம். கீரி எழுந்தது.

“மடு ஏன் மூடப்பட்டிருக்கிறது என்று சர்க்கார் தெரிவிக்குமா?”

சிறுத்தை எழுந்தது. “பிராணிகளின் நன்மைக்காக.”

“தாகத்தில் சாவது என்ன நன்மை?”

“அது பரிசீலனையில் இருக்கிறது.”

“என் குட்டி இன்றைக்கே செத்துக்கொண்டிருக்கிறதே!”

“இந்தத் தாகத்தைப் பற்றி முன்கூட்டியே எழுத்துமூலம் தெரிவிக்கப்படவில்லை” என்று சொல்லிவிட்டுச் சிறுத்தை உட்கார்ந்தது.

“விதி அப்படித்தான்” என்றது ஆமை.

கேள்வி நேரம் முடிந்ததும் தீர்மானங்களுக்கு ஓட்டெடுப்பு. மலைமேல் குளிரைப் பொறுத்துக்கொண்டு காட்டுக்காக உழைக்கும் கவர்னருக்கு நன்றி சொல்வது முதல் தீர்மானம். “ஆதரிப்பவர்கள் முன்னங்காலைத் தூக்கலாம். சிறகு உள்ளவர்கள் சிறகைத் தூக்கலாம்” என்றது ஆமை. பகதூர்கள் எல்லாரும் தூக்கினார்கள். மந்தி பகதூர் ஆசையில் நான்கையும் தூக்கிக் கிளையிலிருந்து கீழே விழுந்தது.

இரண்டாவது, கீரியின் தீர்மானம். மடுவை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று கீரி தொண்டை வறளப் பேசியது. பகதூர்களில் ஒருவர்கூட அசையவில்லை. தண்ணீரையே நினைத்து உதட்டை நக்கிக்கொண்டிருந்த காட்டெருமையும் அசையவில்லை. தீர்மானம் தோற்றது.

“நாக்கு வெளியே தொங்குது, ஆனா காலு தூக்க மாட்டேங்குறாரே!” என்று பக்கத்தில் இருந்த முயல் குமுறியது. முயல் புதர்வாசிகளின் பிரதிநிதி. “அவருக்கும்தானே தாகம்? பேசறது காதுல விழலையா, அண்ணே?”

“விழலை” என்றது கீரி. “இவங்க யாரும் பேச்சையே கேக்கலை, தம்பி. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சிறுத்தை வாலைத் தூக்கினா இவங்க காலைத் தூக்குறாங்க. வால் கிடந்தா இவங்களும் கிடக்குறாங்க.”

முயல் வாயைப் பிளந்தது. “அப்போ அந்த வாலை நாம எப்படித் தூக்குறது?”

அதையே யோசித்துக்கொண்டு கீரி நடந்தது. வளைக்குத் திரும்பியபோது கடைக்குட்டி ‘தண்ணி’ என்று கேட்பதைக்கூட விட்டிருந்தது. கீரி அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது. அழுது முடித்ததும் நாக்கை நனைக்கச் சேற்றுக்குழிக்குப் போனது. அங்கே ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. சும்மா ஈ இல்லை, தோலைத் துளைக்கும் கடி ஈ. ஒரு ஈ கீரியின் முதுகில் சுருக்கென்று கடித்தது. கீரியின் வால் தானாக எழும்பிப் படீரென்று அடித்தது.

கீரி திரும்பித் தன் வாலையே பார்த்தது. அப்புறம் குழியைப் பார்த்தது. அப்புறம் ஒரு பெரிய தேக்கிலையைத் தேடி ஓடியது.

அடுத்த கூட்டத்துக்குக் கீரி அந்த இலையில் குழிச் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தது. ஈக்களும் கூடவே வந்தன.

“அக்கிராசனர் அவர்களே! தோற்ற தீர்மானத்தை அதே வார்த்தைகளில் கொண்டுவரக் கூடாது என்பது விதி. ஆகையால், மடுக்கரையில் உள்ள பலகையைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று இன்று வேறு தீர்மானம் கொண்டுவருகிறேன். நாங்கள் குடிக்கும் தண்ணீர் இது. இதைச் சாட்சியமாகச் சபையின் மேசைமேல் வைக்கிறேன்.”

மேசை என்றால் ஒரு தட்டைப் பாறை. அதை ஒட்டித்தான் சிறுத்தையின் ஆசனம். காலையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, உடம்பில் ஒட்டியதைக்கூடத் துடைக்காமல் வந்திருந்தது சிறுத்தை. ஈக்கள் சேற்றை ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு அதைவிட நல்ல இடத்தைக் கண்டுபிடித்துவிட்டன.

“இந்த அசிங்கத்தை உடனே எடுக்க வேண்டும்!” என்று கத்தியது சிறுத்தை.

ஆமை மெல்லக் கழுத்தை நீட்டியது. “மேசைமேல் வைத்ததைக் கூட்டம் முடியும்வரை யாரும் எடுக்கக் கூடாது. கவர்னரின் பழத்தட்டை மந்தி பகதூர் எடுத்துத் தின்ற அன்று, காரியதரிசி அவர்களே எழுதிய விதி.”

மந்தி வெட்கப்பட்டு மரத்தைப் பார்த்தது.

கீரி பேச ஆரம்பித்தது. குட்டியின் வறண்ட நாக்கைப் பற்றிப் பேசியது. வழியில் விழுந்து கிடக்கும் கிழ உடும்பைப் பற்றிப் பேசியது. பேச்சு நீள நீள ஈக்கள் சிறுத்தையின் தொடையில் விருந்து சாப்பிட்டன. ஆனால் சிறுத்தை லேசுப்பட்டதில்லை. வாலைச் சுருட்டித் தன் பிட்டத்துக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. பகதூர்கள் வாலைத் தேடினார்கள். வாலே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

‘கெட்டது காரியம்’ என்று முயல் காதை மடக்கிக்கொண்டது.

கீரியும் ஒரு கணம் தடுமாறிப்போயிற்று. வாலுக்குமேல் ஒரு முழுச் சிறுத்தை உட்கார்ந்திருக்கிறது. அதை யார் எழுப்புவது? அப்புறம் அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுப்பத்தான் விதி இருக்கிறதே!

“அக்கிராசனர் அவர்களே! ஓட்டெடுப்பதற்கு முன் சர்க்காரின் கருத்து என்ன என்று கனம் காரியதரிசி சொல்லட்டும்.”

“உட்கார்ந்தபடியே சொல்கிறேன்” என்றது சிறுத்தை.

“இந்தச் சபையில் எழுந்து நிற்காமல் யாரும் பேசக் கூடாது” என்றது ஆமை. “எல்லாரும் ஓட்டுக்குத் தயாராக இருங்கள். கனம் காரியதரிசி எழுந்திருக்கலாம்.”

சிறுத்தை எழுந்தது. “இந்தத் தீர்மானத்தைச் சர்க்கார் மிக மிக வன்மையாக எதிர்...”

அந்த நேரம் பார்த்து, விடுபட்ட வாலின் அடியில் ஒரு ஈ நறுக்கென்று கடித்தது. வால் விருட்டென்று வானத்தைப் பார்த்து எழும்பியது.

காட்டெருமை பகதூரின் கால் எழும்பியது. மயில் பகதூரின் சிறகு எழும்பியது. கடமான் பகதூர்கள் மொத்தமாகத் தூக்கினார்கள். மந்தி இந்த முறை கிளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றதைத் தூக்கியது.

“எதிர்க்கிறது! எதிர்க்கிறது! இறக்குங்கள்!” என்று சிறுத்தை அலறியது. அலறினால் என்ன? பேச்சைக் கேட்கிற பழக்கம் அவர்களுக்கு எப்போது இருந்தது? ஈக்கள் கடித்துக்கொண்டே இருந்தன. வால் உயரவே நின்று துடித்தது. ஆமை ஒவ்வொரு தலையாக ஆற அமர எண்ணியது.

“தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. காரியதரிசி அவர்கள் ஒருவரைத் தவிர.”

“மறுபடி எண்ணு!” என்று உறுமியது சிறுத்தை.

“அறிவித்த ஓட்டை மறுபடி எண்ண விதி இல்லை” என்று சொல்லிவிட்டு ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆனால் கவர்னர் நினைத்தால் எந்தத் தீர்மானத்தையும் ரத்து செய்யலாம். சிறுத்தை மலைக்குப் பாய்ந்தது. தீர்மானம் கொண்டுவந்தவன் என்ற முறையில் கீரியும் மூச்சு வாங்க ஏறியது.  குட்டியை நினைத்துக்கொண்டு புலியின் எதிரில் போய் நின்றது.

“ரத்து செய்கிறேன், அவ்வளவுதானே” என்று புலி கொட்டாவி விட்டது.

“செய்யலாம், எசமான்” என்றது கீரி. “ஆனால் காரணம் எழுதிக் கடல் கடந்து அனுப்ப வேண்டுமே. தாங்கள் பொறுக்கி எடுத்த அங்கத்தினர்களே தங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டதற்கு என்ன காரணம் என்று ராஜா கேட்பாரே.”

புலி சிறுத்தையைப் பார்த்தது. “என்னய்யா காரணம்?”

“ஈ... ஈக்கள்தான், எசமான்” என்று முனகியது சிறுத்தை.

“ஈயா? என் சபையை ஈ நடத்துகிறது என்று ராஜாவுக்கு எழுதவா? அத்தனை பேரும் சொந்தப் புத்தியால் ஓட்டுப் போடுகிறார்கள் என்று போன கப்பலில்தான் பெருமையாக எழுதியனுப்பினேன்! பலகையைப் பிடுங்கிப் போடு, போ!”

அன்று பொழுது சாய்வதற்குள் பலகை போய்விட்டது. கீரி கடைக்குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு ஓடியது. மடுத் தண்ணீரில் அதன் வாயை நனைத்தது. முதலில் குட்டி அசையவில்லை. கீரி மறுபடி நனைத்தது. பிறகு சின்ன நாக்கு வெளியே வந்து ஒரு நக்கு நக்கியது. இன்னொரு நக்கு. அப்புறம் தலையையே தண்ணீருக்குள் விட்டுவிட்டது.

மடுவின் நடுவில் காட்டெருமை பகதூர் கழுத்தளவு அமிழ்ந்து கண்ணை மூடிக் கிடந்தது.

“அடாடா, சொர்க்கமய்யா! இத்தனை நாள் இதை மூடி வெச்ச புண்ணியவான் எவன்யா?”

“போன கூட்டத்துல திறக்க வேணாம்னு உக்காந்திருந்தது நீங்கதான், பகதூர்.”

“நானா? சரி, இன்னிக்குத் திறந்துவிட்டது யாரு?”

“அதுவும் நீங்கதான்.”

காட்டெருமை கண்ணைத் திறந்தது. “எனக்குத் தெரியவே தெரியாதே! அப்போ நான் என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தேன்?”

“வாலைப் பாத்துக்கிட்டிருந்தீங்க” என்றது கீரி.

நீதி: பிறர் வாலைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர், ஒருநாள் ஈக்கும் ஓட்டுப் போடுவார்.