செலவில்லாத விருந்து

ஆளுநர் சிங்காரவடிவேலுக்குத் தன் சிக்கனத்தின் மேல் தீராத பெருமை. அதைக் கொண்டாடவே ஒரு பெருவிருந்து வைத்தார். சமையல்காரர் பூவலிங்கத்தைக் கூப்பிட்டு, "கஜானாவில் காலணா தொடக்கூடாது. ஆனா பாயசம் வரைக்கும் எல்லாம் இருக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை" என்றார்.

"ஆகட்டுங்கய்யா."

விருந்தன்று பிரமுகர்கள் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். பூவலிங்கம் வெறும் வாளியும் கரண்டியுமாக வந்து, "சாம்பாருக்கு ஒதுக்கியாச்சு! பாயசத்துக்கு ஒதுக்கியாச்சு!" என்று இலைக்கு இலை வெறுங்கரண்டியைக் கவிழ்த்துக்கொண்டே போனார்.

ஆளுநர் சீறினார். "இலையில ஒண்ணுமே இல்லையேய்யா!"

"எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு நீங்க வருசாவருசம் இப்படித்தாங்கய்யா ஒதுக்குறீங்க. ஆஸ்பத்திரிதான் இன்னும் வரல. ஆனா சல்லிக்காசு செலவாகல, பாருங்க!"

சபை ஒரு கணம் முழித்தது. பிறகு, பட்ஜெட் கூட்டத்துப் பழக்கத்தில், எல்லாரும் கை தட்டினார்கள்.