நஷ்டமே வராத செவ்வாய்க்கிழமை

மொட்டணம்பட்டியில் போண்டாக் கடை வைத்திருந்த மூன்று அண்ணன் தம்பிகளைப் பற்றிச் சொல்கிறேன். இடையில் சிரித்தால் நிறுத்திவிடுவேன். மூத்தவன் நல்லபெருமாள், நடுவுள்ளவன் மாசானம், கடைக்குட்டி சொரிமுத்து. மூவருக்கும் சேர்த்து அரை மூளை இருப்பதாக ஊரில் சொல்வார்கள். ஊருக்கு எப்போதுமே தாராள மனசு.

சொந்தக் கட்டிடம், வாடகைத் தொல்லை கிடையாது. ஆனால் முதல் போண்டா ருசி பார்க்க இலவசம். வந்தவர்கள் எல்லாரும் ருசி பார்த்து, "அருமை!" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மாதாமாதம் நஷ்டம்.

இதில் மாட்டிக்கொண்டவன் நல்லபெருமாள்தான். அவனுக்குப் பெண் தருவதாகச் சொல்லியிருந்த ஆவுடையப்பன், "நஷ்டக் கடைக்காரனுக்கு என் பொண்ணைத் தரமாட்டேன். தை பொறக்கதுக்குள்ள சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் அவனைப் பார்த்து ஒரே ஒரு தடவை சிரித்திருந்தாள். பையனுக்கு அன்றிலிருந்து கால் தரையில் படவில்லை.

ஆடிட்டரிடம் ஓடினார்கள். பாவம், நல்ல மனுசன். "தினமும் கணக்குப் பாருங்க. எந்த நாள் நஷ்டம் வரலையோ, அன்னைக்கு என்ன செஞ்சீங்களோ அதையே தினமும் செய்யுங்க" என்றார்.

ஒரு வாரம் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு பைசா நஷ்டமில்லை. அன்று கடைக்கு லீவு.

"செவ்வாக்கிழமை நாம என்னலே செஞ்சோம்?" என்றான் நல்லபெருமாள்.

"எண்ணெய் தேச்சுக் குளிச்சோம். கறிச்சோறு தின்னோம். தூங்குனோம்" என்றான் மாசானம்.

"வேற? ஒண்ணு விட்டாலும் கணக்கு தப்பிரும்லே."

சொரிமுத்து தயங்கினான். "நான் கிணத்தடியில வழுக்கி விழுந்தேன்ணே."

"அப்ப அதையும் செய்யணும்."

மறுநாளிலிருந்து கடை பூட்டு. குளித்தார்கள், தின்றார்கள், தூங்கினார்கள். கறிச்சோறு வீட்டுச் செலவாம், கடைக் கணக்கில் வராதாம். சொரிமுத்து தினமும் விழுந்தான். ஒருநாள் என்ன செய்தும் வழுக்கவில்லை. "ஏலே, கல்யாணம் நின்னுரும்லே!" என்று அண்ணன்கள் பதறி, சோப்பைக் கரைத்து ஊற்றித் தள்ளிவிட்டார்கள்.

போண்டா கேட்டு யாராவது கதவைத் தட்டினால், "நீங்க வந்தா நஷ்டமும் கூடவே வரும், போயிருங்க சாமி" என்று மாசானம் கும்பிட்டு அனுப்பினான்.

மாதம் முடிந்தது. நஷ்டம் பூஜ்யம்! நல்லபெருமாள் வீதியில் குதியாட்டம் போட்டான். ஆவுடையப்பனை வரவழைத்து, மேளம் கொட்டிக் கடைக்கு மூடுவிழாவே எடுத்தார்கள். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலோடு வந்தவரிடம் ரெண்டு முனையையும் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னார்கள். அவரும் பயபக்தியோடு போட்டார். பிறகு பூட்டை இழுத்துப் பார்த்தார்.

"எத்தனை கடை மூடியிருக்கீக?"

"இது ஒண்ணுதான் மாமா."

அவர் முகம் தொங்கிப்போனது. "ஒண்ணுதானா? என் மூத்த மருமகன் மூணு கடைய மூடிட்டு ராசா மாதிரி இருக்காரே!"

நல்லபெருமாள் தடாலென்று காலில் விழுந்தான். "ஒரு வாரம் பொறுங்க மாமா! நாலாக்கிருதேன்!"

அன்றைக்கே மூவரும் சந்தைக்கு ஓடி இன்னும் மூன்று பூட்டு வாங்கிவிட்டார்கள். கடைகளை அப்புறம் கட்டிக்கொள்ளலாமாம்.